கவனம் 41 சதவீதமாம்! அந்த ஆன்லைன் டியூஷன் ரிப்போர்ட்டுக்கு 35 வெள்ளி கட்டலாமா?

மொதல்லயே முடிவ சொல்லிடறேன், மீதிய நேரம் இருக்கறவங்க படிங்க. கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் கடைவீட்டு மாடில ஒரு டியூஷன் சென்டர், ஃபாரம் ஃபோர், ஃபாரம் ஃபைவ் (16, 17 வயசு பசங்க) ஆட் மேத்ஸ, அதாவது அடிஷனல் மேத்தமெட்டிக்ஸ மட்டும் முழுசா ஆன்லைன்ல நடத்துறாங்க. கிளாஸ் நல்லா இருக்கு, கேக்கற காச தாராளமா கொடுக்கலாம். ஆனா அதோட சேத்து "மாணவர் ஈடுபாட்டு ரிப்போர்ட்"னு ஒன்னு விக்கிறாங்க பாருங்க, அதுக்கு மட்டும் காசு கட்டாதீங்க. சென்டர் பேரு போடல, ஏன்னா அந்த ரிப்போர்ட் அவங்க செஞ்சது இல்ல, எங்கயோ வாங்கின சாஃப்ட்வேர், இதே மாதிரி ஒன்ன வேற சென்டர்லயும் காட்டுறாங்கன்னு கெப்போங்ல இருக்கற ஃப்ரெண்ட் சொல்றா. அதனால நீங்க எங்க சேத்தாலும் இத ஒரு தடவ படிச்சிட்டு சேருங்க.

வாரத்துக்கு ரெண்டு கிளாஸ், ஒவ்வொன்னும் ஒன்றரை மணி நேரம், மாசம் 120 வெள்ளி (ரிங்கிட்). நோட்ஸ் பிடிஎஃப் அதுலயே அடக்கம், அச்சடிச்ச புக்கு வேணும்னா தனி. ரிப்போர்ட் மேல 35 வெள்ளி. ஒரு கிளாஸுல பதினஞ்சு பேருக்கு மேல போட மாட்டாங்க. கணக்க இங்கிலீஷ்ல நடத்துற டிஎல்பி ஸ்கூல் பசங்களும் இருக்காங்க, மலாய்ல கணக்கு படிக்கற பசங்களும் இருக்காங்க, சார் ரெண்டுலயும் எழுதி தமிழ்ல விளக்கிடறாரு, அது நம்ம புள்ளைங்களுக்கு ரொம்ப வசதி.

இப்ப அந்த ரிப்போர்ட். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா வாட்சப்ல ஒரு பிடிஎஃப் வரும். மேல புள்ளையோட பேரு, கீழ பெரிய வட்டம், வட்டத்துக்குள்ள ஒரு பர்சென்ட். 80க்கு மேல போனா பச்சை, 50க்கு கீழ செவப்பு. அதுக்கும் கீழ நாலு கோடு போட்டிருப்பாங்க: கேமரா எவ்வளவு நேரம் ஆன்ல இருந்துச்சு, முகம் எவ்வளவு நேரம் ஸ்கிரீன பாத்துச்சு, சேட்ல எத்தன தடவ டைப் பண்ணுச்சு, நடுவுல வர்ற போலுக்கு (பட்டன் தட்டி பதில் சொல்ற கேள்வி) பதில் தட்டுச்சா. இந்த நாலையும் எந்த கணக்குல சேத்து அந்த ஒரு நம்பர் வருதுன்னு கேட்டேன். கவுன்டர்ல இருக்கற தங்கச்சிக்கு தெரியல. ஓனர் தம்பிக்கும் தெரியல, "சிஸ்டம் போடுது கா"ன்னு சொல்றாரு. சிஸ்டம் போடுதுன்னா எப்படி போடுதுன்னு ஒரு மனுஷனாவது சொல்லணும் லா, காசு வாங்கறது மனுஷன்தானே.

லினியர் லா சாப்டர் நடந்த வாரம் என் பொண்ணுக்கு 41, செவப்பு வட்டம். ஆட் மேத்ஸ் படிச்சவங்களுக்கு அந்த சாப்டர் தெரியும், வளைஞ்சு போற சமன்பாட்டுக்கு லாக் எடுத்து நேர்கோடா மாத்தி, டேபிள் போட்டு, கிராஃப் பேப்பர்ல புள்ளி வெச்சு, பெஸ்ட் ஃபிட் கோடு இழுத்து, அதோட கிரேடியன்ட்டயும் ஒய் இன்டர்செப்ட்டயும் வெச்சு தெரியாத ரெண்டு மாறிலியையும் கண்டுபிடிக்கணும். இத ஸ்கிரீன பாத்துக்கிட்டே யாராலயும் செய்ய முடியாது, தலைய குனிஞ்சாத்தான் ஆகும். அன்னிக்கி நான் சமையக்கட்டுலருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மேசை மேல கிராஃப் பேப்பர், நீட்டு ஸ்கேல், சீவி சீவி கட்டையாப்போன பென்சில். அஞ்சு புள்ளி வரிசையா வந்து ஒன்னு மட்டும் கோட்ட விட்டு தள்ளி நின்னுருக்கு. அழிக்காம கொஞ்ச நேரம் அதையே பாத்தா, அப்புறம் கால்குலேட்டர எடுத்து லாக் மதிப்ப ஒவ்வொன்னா மறுபடி தட்டிப் பாத்து, 0.68 வர வேண்டிய எடத்துல 0.86னு எழுதியிருக்கோம்னு அவளே புடிச்சா. மைக் ஆன் பண்ணல, கீபோர்ட தொடல, கிட்டத்தட்ட அர மணி நேரம் அப்படியே. அவ ஆட் மேத்ஸ்ல அவ்வளவு மூழ்கி நான் பாத்ததே கெடையாது. ரிப்போர்ட்ல அந்த அர மணி நேரத்துக்கு நேரா "கவனச் சிதறல்"னு எழுதியிருக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு வாரம் 94, பளிச்சுனு பச்சை. அந்த வாரம் சாருக்கு தொண்டை கட்டிக்கிச்சு, பழைய ரிக்கார்டிங்க ஓட விட்டுட்டு சேட்லயே பதில் சொல்லிட்டு இருந்தாரு. பசங்களும் சேட்ல "ஓகே சார்", "சுடுதண்ணி குடிங்க சார்", சிரிக்கற எமோஜி, அழற எமோஜின்னு தட்டித் தள்ளியிருக்காங்க, போல் வந்தா ஏதோ ஒரு பட்டன். ஒரு கணக்கு கூட போடல. அதுக்குத்தான் 94.

பசங்களுக்கு இந்த சூட்சுமம் எப்பவோ பிடிபட்டுடுச்சு. கூட படிக்கற பையன் ஒருத்தன் லேப்டாப் ஸ்கிரீன் மேலயே ஃபோன சாய்ச்சு வெச்சு மொபைல் லெஜன்ட்ஸ் ஆடறானாம், கண்ணு கேமரா பக்கமே இருக்கும்ல, சிஸ்டத்துக்கு பரம திருப்தி. "ஆட்டத்துல செத்துட்டா திரும்ப வர கொஞ்ச நேரம் ஆகும்மா, அந்த கேப்புல போலுக்கு பதில் தட்டிடுவான்"னு என் பொண்ணு சொல்லி சொல்லி சிரிக்கிறா. அவனுக்கு வாரா வாரம் பச்சைதான்.

சிரிக்கற விஷயமாவே இருந்திருந்தா நானும் விட்டிருப்பேன். வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிஃப்ட், கிளாஸ் நடக்கறத அவரு பாக்கறது இல்ல, அவரு பாக்கறது அந்த பிடிஎஃப் மட்டும்தான். 41னு பாத்ததும் புள்ளைய கூப்பிட்டு "என்னாம்மா, காசு கட்டி கூத்தடிக்கிறியா?"ன்னுட்டாரு. அவ ஒன்னும் பேசாம கிராஃப் பேப்பர கொண்டாந்து முன்னாடி வெச்சா. அவருக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் அடுத்த வாரம் பாருங்க, இவ நிமிர்ந்து உக்காந்துக்கிட்டு, கேமராவயே பாத்துக்கிட்டு, நோட்ட எட்டி எட்டி எழுதறா. நம்பர் 78க்கு ஏறுச்சு. அன்னிக்கி கடைசில சார் கொடுத்த கணக்கு தப்பு.

அப்புறம் ஏன் பெத்தவங்க இதுக்கு காசு கட்றோம்னா, ஆறாம் வகுப்புல இருந்த யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021ல நிறுத்திட்டாங்க, ஃபாரம் த்ரீல இருந்த பிடி3ய 2022ல நிறுத்திட்டாங்க, என் பொண்ணு பேட்ச் ரெண்டையுமே எழுதாம வந்தவங்க, நேரா ஃபாரம் ஃபைவ் முடிவுல வர்ற எஸ்பிஎம்தான். நிறுத்தினது நல்லதுதான்னு நான் இன்னிக்கும் சொல்வேன், 12 வயசு புள்ளைங்கள படுத்தின பாடு போதும். ஆனா ஸ்கூல்லருந்து பிபிடி, அதாவது வகுப்பறை மதிப்பீட்டு ஸ்லிப் வந்து அதுல டிபி 4, டிபி 5னு போட்டிருந்தா எங்க மாமியாரு "அதென்னா டிபி, நூத்துக்கு எவ்ளோ?"ன்னுதான் கேப்பாங்க. 6 படி இருக்கு அத்த, இது நாலாவது படின்னா, "அப்ப 60 மார்க்கா?"ன்னுவாங்க. நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டே வளந்த ஜனம் நாம, அந்த பசிக்கு இந்த வட்டம் சரியா தீனி போடுது. விக்கிறவங்களுக்கும் அது நல்லாவே தெரியும்.

நான் வேல செய்யறது ஒரு கம்பெனியோட டிரெய்னிங் டிபார்ட்மென்ட்ல. ஸ்டாஃப்புக்கு ஆன்லைன் கோர்ஸ் ஏத்தி விட்டு, யாரு முடிச்சாங்க யாரு முடிக்கலன்னு மாசா மாசம் ரிப்போர்ட் எடுக்கறதே என் வேல, அதனால இந்த வித்த எனக்கு பழக்கம். சேஃப்டி வீடியோவ ஓட விட்டுட்டு கீழ மாமாக் கடைல தே தாரிக் குடிச்சிட்டு வர்ற அண்ணன்மாரு எல்லாரும் என் லிஸ்ட்ல "100% முடித்தார்". சிஸ்டத்துக்கு தெரிஞ்சது லாகின், கிளிக், ஓடின நிமிஷம், சப்மிட், அவ்வளவுதான். அது ஒன்னுத்துக்கும் உதவாதுன்னு சொல்ல மாட்டேன், ஒரு புள்ள ரெண்டு வாரமா லாகினே பண்ணலன்னா உடனே ஃபோன் பண்ணி என்னா ஏதுன்னு விசாரிக்க அது போதும், மூடுல் மாதிரி ஆன்லைன் படிப்பு சிஸ்டத்துல யாரு படிப்ப பாதில விட்டுடுவாங்களோன்னு முன்கூட்டியே எச்சரிக்கற வசதியும் இருக்கு. ஆனா லாகின் பண்ணி உக்காந்திருக்கற புள்ளையோட மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு கிளிக்க எண்ணி எப்படி சொல்ல முடியும்? ஃபிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ்னு மூணு ஆராய்ச்சியாளருங்க 2004லயே ஈடுபாட்ட மூணா பிரிச்சு எழுதிட்டாங்க. நடத்தை ஒன்னு, அதாவது வந்து உக்காந்து கொடுத்த வேலைய செய்யறது. உணர்வு ஒன்னு, பாடத்து மேல ஆசையா, சலிப்பா, பயமா. மூணாவது அறிவு சம்பந்தப்பட்டது, கஷ்டமான ஒன்ன புரிஞ்சுக்க எவ்வளவு மெனக்கெடறாங்கங்கறது. நம்ம ரிப்போர்ட்ல இருக்கற நாலு கோடும் மொதல் வகைய மட்டும்தான் தொடுது, அதுலயும் ஓரத்த. ரெண்டாவது தெரியணும்னா புள்ளைகிட்ட கேக்கணும். மூணாவதுக்கு அது போட்ட கணக்க எடுத்துப் பாக்கணும்.

முகத்த பாத்து கவனத்த அளக்கற சமாச்சாரம் எனக்கு ஆரம்பத்துலருந்தே பிடிக்கல. ஜூம்லயே முன்னாடி ஒரு வசதி இருந்துச்சு, ஸ்கிரீன் ஷேர் ஓடும்போது நீங்க ஜூம் விண்டோவ விட்டு 30 வினாடிக்கு மேல வேற எங்கயாவது போனா ஹோஸ்ட்டுக்கு காட்டிக் கொடுத்துடும். பிகேபி (கொரோனா ஊரடங்கு) வந்து எல்லாரும் ஜூம்ல குடியேறின நேரம், எதிர்ப்பு கெளம்பி 2020 ஏப்ரல்லயே அத எடுத்துட்டாங்க. அது கூட பாத்தது விண்டோவத்தான், முகத்த இல்ல. 2022ல இன்டெல் ஒரு கிளாஸ்ரூம் மென்பொருள் கம்பெனியோட சேந்து, முகத்த வெச்சே மாணவன் குழம்பியிருக்கானா, போரடிச்சு இருக்கானான்னு கண்டுபிடிக்கற ஏஐய முயற்சி பண்றாங்கன்னு செய்தி வந்தப்ப நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2025 பிப்ரவரிலருந்து ஸ்கூல்லயும் வேல எடத்துலயும் முகத்த வெச்சு உணர்ச்சிய கணிக்கற ஏஐக்கு தடையே போட்டுட்டாங்க, மருத்துவமும் பாதுகாப்பும் மட்டும்தான் விதிவிலக்கு.

நம்ம நாட்டுல 2010ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் இருக்கு, காசு வாங்கி டியூஷன் நடத்துறவங்களுக்கு அது பொருந்தும். 18 வயசுக்கு கீழன்னா பெத்தவங்க சம்மதம் வேணும், கொடுத்த சம்மதத்த எழுத்துல வாபஸும் வாங்கிக்கலாம். அத வெச்சுத்தான் ஓனர் தம்பிக்கு மெசேஜ் போட்டேன்: புள்ளையோட வீடியோ எங்க போகுது, எவ்வளவு நாள் இருக்கும், யாரு யாரு பாப்பாங்க? ரெண்டு நாள் சத்தமே இல்ல. அப்புறம் ஃபோன் பண்ணி, "அக்கா, உண்மைய சொல்லணும்னா எனக்கே தெரியல, அந்த கம்பெனிய கேட்டு சொல்றேன்"னாரு. மழுப்பாம சொன்னது எனக்கு பிடிச்சிருந்துச்சு. வீடியோவ சேமிக்கறது இல்ல, மார்க்க மட்டும்தான் வெச்சிக்கிறோம்னு ஒரே ஒரு வரி பதில் வந்துச்சு, அத பத்திரமா வெச்சிருக்கேன். என் பொண்ணுக்கு மட்டும் முகம் பாக்கற பகுதிய நிறுத்திக் கொடுத்தாங்க. கூத்து என்னான்னா, நிறுத்தின ஒடனே பர்சென்ட் தடால்னு எறங்குது. விசாரிச்சா, அந்த கோட்ட கணக்குலருந்து எடுக்கல, அதுக்கு ஜீரோ போட்டு வெச்சிருக்கு சிஸ்டம். உரிமைய கேட்டதுக்கு அபராதம்!

இதுல நெஜமா அடிபடறது கேமரா போட வழியில்லாத புள்ளைங்க. சார் பேரு சொல்லாம சொன்னாரு, பந்திங் பக்கத்துலருந்து ஒரு பையன் அம்மாவோட ஃபோன்ல சேர்றான், டேட்டா முடிஞ்சிடும்னு கேமராவ திறக்க மாட்டான், பின்னாடி சின்ன புள்ளைங்க சத்தம் கேக்கும்னு மைக்கும் போட மாட்டான். ஆனா கேள்வி போட்டா மொதல்ல வழிமுறையோட பதில் வர்றது அவன்கிட்டருந்துதான். அவனுக்கு எப்பவும் செவப்பு. 2020ல கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்புல 36.9 சதவீத மாணவருங்ககிட்ட படிக்க எந்த சாதனமும் இல்லன்னு தெரிய வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வீட்லருந்தே பாடம் படிச்ச பிடிபிஆர் காலத்துல காலைல சிக்கு (டீச்சர்) கூகள் ஃபாரம் லிங்க் போடுவாங்க, பேர தட்டினா வந்ததா கணக்கு, ஃபோன் கெடைக்காத புள்ள வராத கணக்கு. வீட்டு வசதிய அளந்துட்டு புள்ளையோட கவனத்த அளந்துட்டோம்னு சொல்ற பழக்கம் அப்பலருந்தே நம்மகிட்ட ஒட்டிக்கிச்சுன்னு நெனைக்கிறேன்.

சரி, திட்டினது போதும், இந்த சென்டர்ல நான் ஏன் இன்னும் புள்ளைய வெச்சிருக்கேன்னு சொல்றேன். கிளாஸ் முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது சார் ஒரே ஒரு கேள்வி போடுவாரு. பேப்பர்ல போட்டு ஃபோட்டோ புடிச்சு அனுப்பணும். தப்பா இருந்தா பரவால்ல, ஆனா எந்த வரில மாட்டிக்கிட்டோம்னு பேனாவால சுழிச்சு அனுப்பணும், அதுதான் ரூல். அன்னிக்கி ராத்திரியே எல்லாத்தையும் பாத்துடறாரு, அடுத்த கிளாஸ் ஆரம்பமே அதுலருந்து ரெண்டு தப்ப எடுத்து, பேரு மறைச்சு, ஸ்கிரீன்ல போட்டுத்தான். சர்ட்ஸ் (வர்க்கமூலம்) சாப்டர்ல பாதி கிளாஸு ரூட் 3ஐயும் ரூட் 5ஐயும் கூட்டி ரூட் 8னு எழுதியிருந்துச்சாம். சார் திட்டல. ரூட் 9 எவ்வளவு, 3. ரூட் 16 எவ்வளவு, 4. கூட்டினா 7. இப்ப 9ஐயும் 16ஐயும் மொதல்ல கூட்டிட்டு ரூட் எடுங்க, ரூட் 25, 5. ஏன்டா 7ம் 5ம் ஒன்னா? அத்தன மைக்கும் தெறந்து "ஓஓஓ"ன்னு ஒரு சத்தம், ஹால் வரைக்கும் கேட்டுச்சு. புரிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க எந்த வட்டமும் தேவப்படல.

மாசக் கடைசில சார் ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னதா ஒரு வாய்ஸ் மெசேஜ் போடறாரு. எனக்கு வந்தது: "அம்மா, லாக் ரூல்ஸ் எல்லாம் புடிச்சுக்கிட்டாங்க, ஆனா கேள்விய முழுசா படிக்கறதுக்கு முன்னாடியே ஃபார்முலா எழுத ஆரம்பிச்சிடறாங்க, வீட்ல கேள்விய ரெண்டு தடவ படிக்க வைங்க." அச்சு அசல் என் பொண்ணு! வீட்ல உப்பு எவ்வளவுன்னு கேக்காமயே குழம்புல கொட்டறவதான் அவ. இதுக்கு 35 வெள்ளி கேட்டா யோசிக்காம கொடுப்பேன், இதுக்கு காசே வாங்கல.

ரிக்கார்டிங் பத்தியும் ஒரு வார்த்த. முன்னாடி ஒன்றரை மணி நேரத்த அப்படியே ஏத்தி விட்டாங்க, யாரும் பாக்கல. எடெக்ஸ்ங்கற ஆன்லைன் படிப்பு தளத்துல 69 லட்சம் வீடியோ பார்வைய ஆராஞ்சு 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் ஆளுங்க பாக்கறது நடுத்தரமா அதிகபட்சம் 6 நிமிஷம்தான்னு. ஆராஞ்சவங்களே வீடியோ ஓடற நேரத்த வெச்சு ஆளு நெஜமா பாக்கறாரான்னு சொல்ல முடியாதுன்னும் ஒத்துக்கிட்டாங்க, அந்த நேர்மை நம்ம பிடிஎஃப்ல இல்ல. இத சார்கிட்ட சொன்னேன், இப்ப ஒரு கணக்குக்கு ஒரு துண்டுன்னு வெட்டி போடறாரு. எந்த துண்டுக்கு பசங்க திரும்ப திரும்ப போறாங்கன்னு அவருக்கு தெரியுது, அந்த கணக்க மறுபடி நடத்துறாரு. பாருங்க, கிட்டத்தட்ட அதே டேட்டாதான், ஆனா இங்க அது வாத்தியாருக்கு போகுது, அவரு பாடத்த மாத்துறாரு. ரிப்போர்ட்ல பெத்தவங்களுக்கு போகுது, நாம புள்ளைய திட்டறோம்.

சின்னச் சின்ன குறைங்க: மாசக் கடைசில ஆன்லைன்ல நடக்கற கஹூட் வினாடி வினா போட்டில சீக்கிரம் தட்டறவங்களுக்கு மார்க்கு ஜாஸ்தி, நிதானமா யோசிக்கற புள்ள பட்டியல்ல கீழதான் கெடக்கும், ஜாலிக்குன்னா ஓகே. ரசீது கேட்டு கேட்டுத்தான் வரும். கிளாஸ் முடிய 9.30 ஆயிடுது, காலைல ஸ்கூலுக்கு எழுப்பறது என் பாடு.

கிளாஸுக்கு அஞ்சுக்கு நாலரை. ரிப்போர்ட்டுக்கு ஒன்னு, அந்த ஒன்னும் கிளாஸுக்கு எத்தன மணிக்கு வந்தா, எத்தன மணிக்கு போனாங்கறத சரியா காட்டறதுக்காக. ஓனர் தம்பிகிட்ட இது எல்லாத்தையும் நேராவே சொல்லிட்டேன், "அக்கா, பெத்தவங்க அத பாத்துத்தான் சேர்றாங்க, நான் என்னா செய்ய"ன்னாரு, அதுவும் உண்மைதான். ஆன்லைன் ஃபாரம் நிரப்பும்போது ரிப்போர்ட் பெட்டில டிக் ஏற்கனவே விழுந்திருக்கும், எடுத்துட்டு அனுப்புங்க, இல்லன்னா 155 வெள்ளிக்கு பில்லு வரும். திங்கள் புதன் கிளாஸ் நிறைஞ்சிடுச்சு, செவ்வாய் வியாழன்ல எடம் இருக்கு. மொதல் கிளாஸ் ஃப்ரீ.